தாண்டாத வலை

படலை திறந்த சத்தத்திலேயே வந்திருப்பது யார் என்று மதலேனாவுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் படலையைத் திறப்பார்கள். மச்சாள் றெஜினா படலையோடு சண்டை பிடிப்பாள்.

"இந்த வீட்டில சனம் உயிரோட இருக்குதோ, இல்லையோ? வெயில் முற்றம் முழுக்க வந்திட்டுது! ஊரில அவளவள் சமைச்சு, உடுப்புத் தோய்ச்சுக் காயவும் போட்டிட்டாளவை. இஞ்ச மகாராணி இன்னும் பாயில!"

மதலேனா விறாந்தைப் பாயிலிருந்து எழும்பிக் கூந்தலை அள்ளி முடிந்தாள். கண் எரிந்தது. வலது தோள்மூட்டு விண்விண்ணென்று வலித்தது.

"வாங்கோ மச்சாள்... இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

"உன்ர தேத்தண்ணிக்கு ஆர் அழுதது? என்ர தம்பி விடியமுன்னம் ஏலாத காலை இழுத்திழுத்துக் களப்புக்குப் போறான். நீ உலைக்கு அரிசி போடுற நேரத்தில குறட்டை விடுறாய்! அம்மா கண்ணை மூடினாப்பிறகு அவனை என்ர இடுப்பில வைச்சு வளத்தனான் மதலேனா. கொண்டுவந்து உன்ர கையில தந்தது இதுக்கோ?"

மதலேனா குசினிக்குள் போய் அடுப்பை ஊதினாள். புகை கண்ணுக்குள் போனது வசதியாக இருந்தது. கண் கலங்கியதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை அல்லவா!

முன்பள்ளியில் படிப்பிக்கப் போக வெளிக்கிட்டு நின்ற மகள் யூலியானாதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். புதுக்குடியிருப்புப் பஸ் வரும் நேரம். போகிற போக்கில் அத்தையிடம் இரண்டு சொல்லிவிட்டுப் போகலாமா என்று அவளுடைய வாய் துடித்தது. குசினி வாசலிலிருந்து தாய் ஒரு பார்வை பார்த்தாள். யூலியானா வாயை மூடிக்கொண்டு கொப்பிப் பையைத் தோளில் போட்டாள்.

அந்தப் பார்வைக்குள் இருந்த உண்மையை இனி மறைத்து என்ன?

மதலேனாவின் புருசன் ஸ்ரீபனுக்கு யுத்தத்தின் கடைசி நாட்களில் இடுப்பில் செல் துண்டு பட்டது. உயிர் மிஞ்சியது, இடது கால் மிஞ்சவில்லை. கால் இருந்த இடத்தில் இருந்தது, ஆனால் அது சொல் கேட்காது. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது கூரையில்லை, வள்ளமில்லை, நாலு வயது யூலியானா பசியில் அழுதாள். யாரோ ஒரு நிறுவனம் கொடுத்த வீச்சுவலை மட்டும் மூலையில் கிடந்தது. வீச்சுவலை எறிகிறவனுக்குக் கை மட்டும் போதாது. இரண்டு காலையும் சேற்றில் ஊன்றி, இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். ஸ்ரீபன் எறிந்து பார்த்தான். வலை விழமுன்னம் அவன் விழுந்தான். திரும்பத் திரும்ப விழுந்தான். கடைசியில் சேற்றுக்குள் இருந்தபடியே சின்னப் பிள்ளையாய் அழுதான்.

அன்றைக்குத்தான் மதலேனா வலையைத் தூக்கினாள்.

ஊரில் பெண்கள் வலைக்குக் கிட்டப் போவதே குற்றம். பெண் தாண்டிய வலையில் மீன் படாது என்பார்கள். தாண்டினால் அந்த வலையை வெயிலில் கட்டித் தொங்கவிட்டு, பங்குச் சுவாமியார் தீர்த்தம் தெளிக்கும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். அதனால் மதலேனா புருசனின் நீளக்கைச் சட்டையைப் போட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கண்டல் பற்றை மறைத்த ஒதுக்குப் பக்கமாய்க் களப்பின் உப்புத்தண்ணீருக்குள் இறங்கினாள். கரையில் இருந்து ஸ்ரீபன் சொல்லிக் கொடுத்தான். "தோளைத் தளத்து... இடுப்பால எறி... கையால எறியாத!" அவள் விழுந்தாள், எழும்பினாள், எறிந்தாள். சில மாதங்களில் அவள் எறிந்த வலை தண்ணீரில் வட்டமாக விரிந்து விழுந்ததைப் பார்த்து ஸ்ரீபன் கைதட்டினான். இன்னும் சில வருடங்களில் அவன் சொல்லிக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

வெளிச்சம் வரமுன்னம் அவள் பின்பாதையால் வீட்டுக்கு வந்து குளித்துவிடுவாள். ஸ்ரீபன் பறியில் மீனையும் இறாலையும் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போவான். மீன் வியாபாரி சங்கிலி மோட்டார்சைக்கிளில் பெட்டியோடு வந்து வாங்கிக்கொண்டு போவான். பார்க்கிற சனம் பூரித்துப்போகும். "ஒரு காலோட களப்பை ஆளுறான் பார், ஆம்பிளையெண்டா அவன் ஆம்பிளை!" மகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, வேலிக்குக் கதியால் போட்டு, சமைத்து முடித்து, மதலேனா களைத்துப்போய்க் கண்ணயரும் நேரத்தில்தான் யாராவது படலையைத் திறப்பார்கள். அவர்களுக்குத் தெரிவது பாயில் படுத்திருக்கும் ஒரு பெண். இப்படித்தான் அந்த வீட்டில் உழைக்காதவனுக்கு உழைப்பாளி என்றும், உழைத்தவளுக்குச் சோம்பேறி என்றும் பெயர் வந்தது.

மதலேனா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காலை இழந்தவன் பெயரையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் றெஜினா வந்த காரியத்தைச் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய குரல் கரைந்துவிட்டது.

"மதலேனா, நேற்று மீன்பிடிச் சங்கத்தில கதைச்சு முடிவெடுத்திட்டினம். இந்த முறை அந்தோனியார் திருநாளுக்கு முதல் வீச்சு என்ர தம்பிக்கு! தவராசா அண்ணை தானே எழும்பிச் சொன்னவராம், ஸ்ரீபனைவிட ஆருக்குத் தகுதி இருக்கு எண்டு. எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் கிடைக்காத மரியாதை..." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.



முதல் வீச்சு என்றால் அந்த ஊரில் சும்மா இல்லை. திருநாள் பூசை முடிந்ததும் அந்தோனியாரின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுவதும் களப்புக்கரைக்கு வரும். சுவாமியார் வலையை ஆசீர்வதிப்பார். தெரிவுசெய்யப்பட்ட தொழிலாளி எல்லோரும் பார்க்க முதல் வலையை எறிவான். அதில் படுவது திருநாள் சமையலுக்குப் போகும். எறிந்தவன் அடுத்த திருநாள்வரை ஊரில் தலை நிமிர்ந்து நடப்பான். பெண்கள் பூவரச மரங்களுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். அவ்வளவுதான்.

ஊர் முழுக்கப் பார்க்க, பட்டப்பகலில், ஸ்ரீபன் வலை எறியவேண்டும்!

*

அடுத்த நாட்களில் ஸ்ரீபன் சாப்பிடவில்லை. மதலேனா கேட்டால் "யோசிக்கிறன்" என்றான். அவன் என்ன யோசித்தான் என்பது கோயில் வளவைக் கூட்டிக்கொண்டிருந்த அன்று தெரிந்தது.

கொடியேற்றத்துக்கு முதல் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வளவைத் துப்புரவாக்குவது வழக்கம். மதலேனாவும் யூலியானாவும் சிலுவை நட்ட குருசடிப் பக்கம் சருகு கூட்டிக்கொண்டு நின்றார்கள். சங்கத் தலைவர் தவராசா சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே மதலேனாவிடம் வந்தார். நல்ல மனுசன். ஆனால் குரல் மட்டும் ஒலிபெருக்கி.

"என்ன பிள்ளை மதலேனா, இப்பிடிச் செய்து போட்டாய்! ஸ்ரீபன் இப்பதான் என்னட்டை வந்து சொல்லிப்போட்டுப் போறான். நீ வலையைத் தாண்டிப் போட்டியாம். அதால முதல் வீச்சை வேற ஆருக்கும் குடுங்கோ எண்டு... பாவம், அவன்ர கண்ணில தண்ணி!"

கூட்டிக்கொண்டிருந்த ஈர்க்குமாறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

மதலேனாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. 

"அம்மா!" யூலியானா தாயின் கையைப் பிடித்தாள். "சொல்லுங்கோ அம்மா... இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்கோ!"

மதலேனா மகளின் கையை மெதுவாக விலக்கினாள். எல்லாக் கண்ணும் அவள்மேல் இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், ஸ்ரீபன் ஊருக்குள் ஒரு பொய்யனாகிவிடுவான். இத்தனை வருடம் கட்டிக் காத்த அவனுடைய பெயர் அந்தக் குருசடியடியிலேயே உடைந்துபோகும்.

"ஓம் அண்ணை... தாண்டிப்போட்டன்."

றெஜினா சருகு அள்ளிய கடகத்தை நிலத்தில் எறிந்தாள்.

"நாசமாப் போவாளே! புருசன் உழைக்கேக்க நித்திரை கொண்டாய், அதைப் பொறுத்தம். அவனுக்கு ஆயுசில ஒருக்கா வந்த மரியாதை... அதையும் காலால மிதிச்சிட்டியேடி! இனி நான் உன்ர வாசல்படி மிதிச்சா என்னை றெஜினா எண்டு கூப்பிடாத!"

சத்தம் கேட்டுச் சுவாமியார் வெளியே வந்தார். விசயத்தைக் கேட்டார். சிரித்தார்.

"வலையைக் கொண்டுவாங்கோ, தீர்த்தம் தெளிச்சுத் தாறன். எல்லாம் சரியாப் போகும். ஸ்ரீபனே எறியட்டும்."

"அப்ப பிரச்சினை முடிஞ்சுது!" தவராசா சைக்கிளில் ஏறினார். போகிறபோது மறக்காமல் திரும்பிச் சொன்னார். "பிள்ளை மதலேனா, குறை நினைக்காத. அண்டைக்கு நீ கொஞ்சம் தள்ளி, எல்லாருக்கும் பின்னால நில். சனத்துக்கு ஒரு மனச்சாந்திதானே."

ஸ்ரீபன் சொன்ன பொய் அவனைக் காப்பாற்றவில்லை. மனைவியின் பெயரை வீணாகக் கரியாக்கியதுதான் மிச்சம்.

*

வீட்டுக்கு வந்தபோது ஸ்ரீபன் மர வாங்கில் குனிந்தபடி இருந்தான். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அலுமாரியைத் திறந்தாள். நீளக்கைச் சட்டையை எடுத்தாள், உதறினாள், ஒழுங்காக மடித்தாள்.

"மதலேனா... எனக்கு வேற வழி தெரியேல்லை. உனக்கு ஒரு நாள் ஏச்சு. எனக்கெண்டா வாழ்நாள் முழுக்க..."

"ஒரு நாள் ஏச்சோ?" அவள் திரும்பினாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஸ்ரீபனுக்குப் பயம் குறைந்திருக்கும். "சோம்பேறி எண்டிச்சினம்... பொறுத்தன். புருசனை உழைக்க விட்டிட்டுப் படுக்கிறவள் எண்டிச்சினம்... பொறுத்தன். உங்கட அக்கா என்ர மூஞ்சிக்கு நேர சொன்னதெல்லாம் வேற ஒருத்தியெண்டா கிணத்தில விழுந்திருப்பாள். நான் சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். ஏன்? உங்கட பேருக்காக. ஆனா..."

இந்த இடத்தில்தான் அவளுடைய குரல் உடைந்தது.

"நான் பொத்தின வலையப்பா அது! கிழிஞ்ச இடமெல்லாம் கண்ணி கண்ணியா என்ர கையால பொத்தினது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியில அலசி, நிழலில விரிச்சு, விளிம்பில ஒரு ஈயக்குண்டு கழண்டாலும் எனக்கு நித்திரை வராது. நான் அதைத் தாண்டுவனே? பொம்பிளை தாண்டினா மீன் படாதெண்டது உங்கட ஊர்க்கதை. அது எனக்குத் தேவையில்லை. தொழில் செய்யிறவள் தன்ர தொழில் சாமானை மிதிப்பாளே? அப்பிடி ஒரு கேவலமான தொழிலாளி எண்டு என்னைச் சொல்ல உங்களுக்கு என்னெண்டு வாய் வந்தது?"

ஸ்ரீபன் அவளைப் பெண்சாதியாக நோகச் செய்துவிட்டோம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். இது வேறு நோவு என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவள் மடித்த சட்டையைக் கொண்டுவந்து அவனுக்குப் பக்கத்தில் வாங்கில் வைத்தாள்.

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்கள் பயப்பிட வேண்டாம். ஆனா இனி உந்தச் சட்டைக்குள்ள போகமாட்டன். களப்பில இறங்கினா மதலேனாவா இறங்குவன். அதுக்கு இடமில்லையெண்டா கருவாட்டு வாடியில வேலை இருக்கு, அங்க போறன்."

"திருநாளண்டைக்கு நான் என்ன செய்ய?"

"அது எனக்குத் தெரியாது. வலையைத் துப்புரவாக்கி வைச்சிருக்கிறன்."

அதன்பிறகு அந்த வீட்டுப் பறியில் மீன் விழவில்லை. சங்கிலி தினமும் தெருவில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி ஹோன் அடித்துப் பார்த்தான். ஸ்ரீபன் போய், "சுகமில்லையடாப்பா" என்றான்.

"ஆருக்கு?" என்றான் சங்கிலி.

ஸ்ரீபன் காலை இழுத்துக்கொண்டு படலைக்குள் திரும்பிவிட்டான்.

*

திருநாளன்று காலையில் கோயில் மணி அடித்தபோது ஊரே வெள்ளையும் சரிகையுமாய் நின்றது. பூசை முடிந்தது. வெடி கொளுத்தினார்கள். சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு, பாட்டுப் படித்துக்கொண்டு எல்லோரும் களப்புக்கரைக்கு வந்தார்கள். கலியாணத்துக்குக் கட்டிய நீலச் சேலையில் மதலேனா பூவரச மரங்களுக்கும் பின்னால், எல்லோருக்கும் கடைசியில் நின்றாள். யூலியானா மட்டும் மற்றப் பெண்களை விட்டுவிட்டு வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். றெஜினா முன்வரிசையில் நின்றாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவாமியார் வலையில் தீர்த்தம் தெளித்தார். ஸ்ரீபன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான்.

முழங்கால் ஆழத்தில் இடது கால் சேற்றுக்குள் புதைந்தது. அவன் அதைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தான். சனம் உருகிப்போனது. "பாவம்... எண்டாலும் பாரன் அவன்ர வீரத்தை!" ஸ்ரீபன் வலையின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினான். விளிம்பை அள்ளி மடித்தான். மடிப்புப் பிழை. தூரத்தில் நின்ற மதலேனாவின் விரல்கள் தாமாகவே அசைந்தன. இடது பக்கம் கூடுதலா அள்ளிட்டார்... விழப்போறார்... அந்தோனியாரே, விழப்போறார்... கோபம் எல்லாம் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டது. அவன் விழாமல் இருந்தால் போதும் என்று அவளுடைய நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஸ்ரீபன் எறியவில்லை.

அவன் வலையோடு நின்றான். தண்ணீரைப் பார்த்தான். கண்ணி கண்ணியாய்ப் பொத்தியிருந்த வலையைப் பார்த்தான். செபம் சொல்கிறான் என்று நினைத்துச் சிலர் குருசடையாளம் போட்டுக்கொண்டார்கள். பிறகு அவன் திரும்பினான். சேற்றில் காலை இழுத்திழுத்துக் கரைக்கு வந்தான்.

"என்னடா தம்பி? ஏலாதோ?" றெஜினா ஓடிவந்தாள். "அவள்தான்! அவள் தாண்டின குறைதான்!"

"அக்கா... கொஞ்சம் பொறு." அவன் தலை நிமிர்ந்தான். முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அவள் தாண்டேல்லை. நான்தான் பொய் சொன்னனான். இந்த வலையை எறியிறதே அவள்தான்."

அவன் வலையை மணலில் இறக்கி வைத்தான்.

"காயப்பட்டு வந்த நாளில இருந்து நான் ஒரு வீச்சு ஒழுங்கா எறியேல்லை. எனக்கு ஏலாது. நீங்கள் விடியப்புறத்தில தூரத்தில கண்ட சட்டை என்ரதான். அதுக்குள்ள நிண்டது மதலேனா. என்னை வீரன் எண்டு நீங்கள் சொல்லேக்க நான் கேட்டுக்கொண்டு நிண்டனான். அவளைச் சோம்பேறி எண்டு சொல்லேக்கையும் கேட்டுக்கொண்டு நிண்டனான். அதுதான் என்ர வீரம்." அவன் சங்கத் தலைவரின் பக்கம் திரும்பினான். "முதல் வீச்சு எனக்கில்லை, தவராசா அண்ணை. அது அவளுக்கு."

"உனக்கென்ன விசரோ? பொம்பிளை வலை எறியிறதோ!" யாரோ கத்தினார்கள். "களப்பு அழிஞ்சு போகும்!"

"அப்ப இவ்வளவு நாளும் அழியேல்லையே?" கூட்டத்துக்குள் இருந்து சங்கிலி கேட்டான். "எனக்கு எப்பவோ சந்தேகம். மீன் பறியில இருந்து தண்ணி சொட்டும். ஸ்ரீபன் அண்ணையின்ர சாரம் ஒரு நாளும் நனைஞ்சதில்லை. சாரம் நனையாம மீன் பிடிக்கிற மனுசன் உலகத்தில இருக்கிறானோ? அந்த மீனை நீங்கள் எல்லாரும்தான் வாங்கித் திண்டனீங்கள். ஆருக்கும் வயித்துக்குத்து வந்ததோ?"

இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு வந்தது. தவராசாவுக்கு வரவில்லை.

"அதெல்லாம் சரி... ஆனா வழக்கம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ சுவாமி?"

சுவாமியார் சொரூபத்தைப் பார்த்தார். "தவராசா, எங்கட அந்தோனியார் மீனுகளுக்குப் பிரசங்கம் வைச்சவர். அந்த மீனுகள், பிடிக்க வாறது ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு கேட்டிச்சுதாமோ? வலை ஆசீர்வதிச்சாச்சு. எறியத் தெரிஞ்சவை எறியட்டும்."

தவராசா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும், தானே பூவரச மரங்களை நோக்கித் திரும்பித் தன்னுடைய ஒலிபெருக்கிக் குரலில் கூப்பிட்டார்.

"பிள்ளை மதலேனா... முன்னுக்கு வா அம்மா!"

மதலேனா நடந்தாள். கடைசியில் நின்றவள் என்பதால் எல்லோரையும் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. சனம் விலகி வழிவிட்டது. அவள் ஒருவரையும் முறைக்கவில்லை, தலையும் குனியவில்லை. கரைக்கு வந்து ஸ்ரீபனின் முன்னால் நின்றாள். அவனுடைய கண்ணில் இருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு..."

"வீட்டை போய்க் கதைப்பம்," என்றாள் அவள். ஆனால் சேலைத் தலைப்பால் அவனுடைய முகத்தைத் துடைத்துவிட்டாள். ஊர் பார்க்கத்தான் துடைத்தாள்.

அவன் வலையை எடுத்துத் தன் கையால் அவளுடைய தோளில் போட்டான். "சேலையோட... ஏலுமோ?"

"சேலைக்கு என்ன? தோள் என்ரதானே."

சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகினாள். தண்ணீருக்குள் இறங்கினாள். தன்னுடைய சொந்த உடுப்போடு, வெயிலில், முகம் தெரிய அவள் களப்பில் இறங்குவது அதுதான் முதல் தடவை. சேற்றில் இரண்டு காலையும் ஊன்றினாள். கயிற்றை மணிக்கட்டில் மாட்டினாள். ஸ்ரீபன் பிழையாகப் போட்ட மடிப்பை அவிழ்த்துத் திரும்ப மடித்தாள். ஒரு ஈயத்தைப் பல்லில் கவ்வினாள். ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. இது அவளுடைய இடம்!

இடுப்பு ஒரு சுற்றுச் சுற்றியது. வலை பறந்தது. வெயிலில் வட்டமாய் விரிந்து, ஒரு பக்கமும் சுருங்காமல், ஈயங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட விழுந்தது.

கிழட்டுத் தொழிலாளி ஒருவர் தன்னை மறந்து, "அடி சக்கை!" என்றார். பிறகுதான் சுவாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று பார்த்தார்.

மதலேனா கயிற்றை மெதுவாக இழுத்தாள். வேதாகமத்தில் வருகிறமாதிரி வலை கிழியக் கிழிய மீன் படவில்லை. ஒரு நல்ல வீச்சுக்கு என்ன படுமோ அது பட்டது. நாலைந்து திரளி, கொஞ்ச மணலை, துள்ளத் துள்ள இறால். திருநாள் குழம்புக்குப் போதும்.

அவள் வலையைக் கரையில் விரித்தபோது, அதுவரை கல்லாய் நின்ற றெஜினா ஓடிவந்தாள். திருநாள் சேலை சேற்றில் இழுபட, எதையும் பாராமல் ஓடிவந்து மதலேனாவைக் கட்டிப்பிடித்தாள்.

"அடி பாவி... அடி பாவி! ஒரு சொல் சொல்லியிருக்கக்கூடாதே! உழைச்சுக் களைச்சுப் படுத்தவளை எழுப்பி எழுப்பி ஏசினனே... என்ர நாக்கு அழுகிப்போகாதோ! என்ர தம்பியை நான் வளத்ததெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். அவனை உயிரோட வைச்சிருந்தது நீயெல்லோடி..."

மதலேனாவும் அழுதாள். அடுப்புப் புகையைச் சாட்டாமல், ஊரறிய, வாய்விட்டு அழுதாள். மச்சாளும் மச்சாளும் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்த்து யூலியானாவும் அழுதாள். பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

திடீரென்று மதலேனா அழுகையை நிறுத்திக் கீழே பார்த்தாள்.

"மச்சாள்... நீங்கள் வலைக்கு மேல நிக்கிறியள்!"

எல்லோரும் பார்த்தார்கள். றெஜினா வலையைத் தாண்டி வந்திருந்தது மட்டுமல்ல, நட்டநடு வலையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்! அவளுடைய முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. "ஐயோ அந்தோனியாரே... நான்... நான் பாக்கேல்லை..."

"உது ஒண்டும் செய்யாது." மதலேனா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். குனிந்து மச்சாளின் காலை மெதுவாகத் தூக்கி மணலில் வைத்தாள். "கண்ணி அறுந்துபோம், அதுதான். தொழில் சாமான் பாருங்கோ."

தவராசாகூடச் சிரித்துவிட்டார்.

*

திருநாள் முடிந்து கொடியும் இறக்கியாயிற்று. மதலேனா இப்போது முன்தெருவால்தான் களப்புக்குப் போகிறாள். வலை அவளுடைய தோளில். பறியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீபன் பின்னால் நடக்கிறான். எதிரே வருகிறவர்கள், "என்ன மதலேனா, இண்டைக்கு மீன்பாடு எப்பிடி?" என்று அவளைத்தான் கேட்கிறார்கள். முதல் சில நாட்கள் அவன் தலை குனிந்து நடந்தான். பிறகு பழகிவிட்டது. இப்போது கேட்காதவர்களிடமும் அவனே நிறுத்தி வைத்துச் சொல்கிறான், "மனுசி எறிஞ்சா ஒரு ஈயம் பிந்தாது" என்று. சாரத்தையும் நனைத்துக்கொள்கிறான். வலையில் இருந்து மீன் கழற்றும் வேலை இப்போது அவனுடையது.

ஒரு நாள் வெயில் முற்றம் முழுக்க வந்துவிட்ட நேரம். சங்கத்தில் இருந்து தவராசா ஏதோ விசயமாக வந்து வாசலில் சைக்கிள் மணியை அடித்தார்.

படலையை ஒரு சத்தமும் வராமல் திறந்துகொண்டு றெஜினா வெளியே வந்தாள். கையில் அகப்பை. குசினியில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"உஷ்! ஏன் அண்ணை உந்தச் சத்தம்? தொழிலுக்குப் போட்டு வந்து மதலேனா இப்பதான் படுத்தவள். ஒரு மணித்தியாலம் கழிச்சு வாங்கோ."